எந்த அணிக்குக் கைதட்டுவது?

2024ஆம் ஆண்டு செப்ரெம்பர் 9ஆம் திகதி, திங்கட்கிழமை நண்பகல். கிழக்கு இலண்டன் ஈஸ்ற்ஹாமில் ஆறு பேர் சேர்ந்து வாழும் வீடொன்றின் மேல்மாடி அறையில், முல்லைத்தீவிலிருந்து வந்து புகலிடம் கோரியிருக்கும் இளைஞரொருவர் கைத்தொலைபேசியின் சிறு திரையிலே துடுப்பாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை செய்ய அனுமதியில்லாதவருக்குத் திங்களும் ஒன்றுதான், ஞாயிறும் ஒன்றுதான். தேம்ஸ் நதிக்கு அப்பால், ஓவல் மைதானத்தில், இலங்கை அணி இங்கிலாந்தை வென்றுகொண்டிருந்தது. வெற்றிக்கு 219 ஓட்டங்கள் தேவை. இரண்டே விக்கெற்றுகளை இழந்து அந்த இலக்கை எட்டினார்கள். பத்தும் நிசங்க ஆட்டமிழக்காமல் 127. இங்கிலாந்து மண்ணில் 2014க்குப் பின்னர் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது ரெஸ்ற் வெற்றி. இளைஞர் தம்மையறியாமல் கைதட்டினார். தட்டிய பின்னர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அவருடைய சொலிசிற்றர் அனுப்பிய கடிதமொன்றைத் தமிழில் விளக்கிச் சொல்லும் பொருட்டு நாம் அங்கே சென்றிருந்தோம். கடித அலுவல் முடிந்ததும் அவர் தமது தொலைபேசியில் பழைய படமொன்றைக் காட்டினார். ஊரில், கோயில் வீதியோரம், நண்பர் நால்வரோடு நிற்கிறார். உடலில் இலங்கை அணியின் நீல நிறச் சட்டை. அவரது முகநூலில் அப்படம் பல ஆண்டுகளாக இருந்து வந்தது.

"சேர், இதைக் கண்டால் என்ர கேசுக்குப் பிழையாய்ப் போகுமோ? அழிச்சுப்போடட்டோ?"

விரிவுரை மண்டபத்திலே கேள்விகளுக்கு விடையளித்துப் பழகிய நமக்கு இக்கேள்விக்கு உடனே வாய் திறக்கவில்லை. சொலிசிற்றரிடமே கேளுங்கள் என்று சொல்லித் தப்பிக்கொண்டோம். ஆனால் அவர் கேட்டது சட்டத்தை மட்டுமன்று என்பது பேருந்தில் திரும்பி வரும்போது நமக்கு உறைத்தது. தன்னை இருக்கவிடாமற் செய்த நாட்டின் அணிக்கு ஒருவன் கைதட்டலாமா? தட்டினால் அவன் பட்ட துன்பம் பொய்யாகிவிடுமா? இக்கேள்வியை அவரைக் கேட்கக்கூடியது அரச அலுவலகம் மட்டுமன்று. அடுத்த அறையில் இருப்பவரும் கேட்பார். அதற்காகத்தானே கதவைப் பார்த்தார்?

பிரித்தானியாவில் இக்கேள்விக்கு ஒரு பெயரே உண்டு. பழமைபேண் கட்சியின் முன்னாள் தலைவர் நோர்மன் ரெபிற், 1990 ஏப்ரலில் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் ரைம்ஸ் பத்திரிகைக்கு அளித்த செவ்வியிலே, இங்கு குடியேறிய ஆசியர்கள் எந்த அணிக்கு ஆரவாரஞ் செய்கிறார்கள் என்பதைப் பார்த்தே அவர்களது விசுவாசத்தை அறியலாம் என்ற கருத்தை வெளியிட்டார். 'துடுப்பாட்டச் சோதனை' என்று அது நிலைத்துவிட்டது. ரெபிற் 2025 யூலையில் 94 வயதில் காலமானபோது அவரோடு சேர்த்து அச்சோதனையும் மீண்டும் பேசப்பட்டது.

அம்மனிதருக்கு எம்மைத் தெரியாது. இந்தியரும் பாகிஸ்தானியரும் மேற்கிந்தியரும் விட்டுவந்த நாட்டுக்கே கைதட்டுகிறார்கள் என்பது அவருடைய மனக்குறை. விட்டுவந்த நாட்டுக்குக் கைதட்டக் கூச்சப்பட்டு, வந்து சேர்ந்த நாட்டுக்குக் கைதட்ட மனமும் ஒட்டாமல், ஆட்டம் முடியும்வரை கைகளைக் கட்டிக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து போகும் ஒரு கூட்டம் ரூற்றிங்கிலும் ஹரோவிலும் இருக்குமென அவர் கனவிலும் கண்டிரார். இதில் விசித்திரம் யாதெனில், அச்சோதனையை அவரிலும் கடுமையாக நடத்துபவர்கள் நாமேதான். தகப்பன் மகனைச் சோதிக்கிறார், சங்கத்துச் செயலாளர் உறுப்பினரைச் சோதிக்கிறார், முன்னர் வந்தவர் பின்னர் வந்தவரைச் சோதிக்கிறார்.

எம்மவருக்கும் ஓவல் மைதானத்துக்குமுள்ள தொடர்பு நேற்று முளைத்ததன்று. 1975 யூன் 11ஆம் திகதி, முதலாவது உலகக் கிண்ணப் போட்டியில் இலங்கை அங்கேதான் அவுஸ்திரேலியாவைச் சந்தித்தது. ஜெஃப் தொம்சனின் வேகப்பந்துகள் பட்டு துலிப் மென்டிசும் சுனில் வெத்தமுனியும் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டதைத் துடுப்பாட்ட நூல்கள் எழுதிவைத்துள்ளன. அதே ஆட்டத்தில், தமிழர் உரிமை கோரும் பதாகைகளுடன் சிறு குழுவொன்று மைதானத்துள் இறங்கியதை அந்நூல்கள் ஓரிரு வரிகளிற் கடந்துவிடுகின்றன. இலங்கைக்கு ரெஸ்ற் அந்தஸ்துக் கிடைக்க இன்னும் ஆறாண்டுகள் இருந்தன. 1983 யூலைக்கு எட்டாண்டுகள் இருந்தன. இன்று ஓவலின் படிக்கட்டுகளில் அமர்ந்திருப்போரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

2009 யூன் மாதத்தை எம்மவர் எவருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. முள்ளிவாய்க்கால் முடிந்து ஒரு மாதம். பாராளுமன்றச் சதுக்கத்தில் வாரக்கணக்காக நடந்த போராட்டம் அம்மாத நடுப்பகுதியிலேதான் ஓய்ந்தது. 21ஆம் திகதி, லோர்ட்ஸ் மைதானத்தில், இருபது ஓவர் உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை பாகிஸ்தானுடன் மோதியது. வெஸ்ற்மின்ஸ்ரரிலிருந்து லோர்ட்சுக்கு ஜூபிலிப் பாதையில் நான்கு தரிப்பிடங்கள் மட்டுமே. அந்த நான்கு தரிப்பிடங்களின் இரு முனைகளிலும் ஒரே தீவின் மக்கள் நின்றார்கள். 2013 யூனில் கார்டிஃபில் இந்தியாவுடனான அரையிறுதியின்போது எம்மிளைஞர் சிலர் கொடிகளோடு மைதானத்துக்குள்ளேயே ஓடினார்கள். விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர் என்று எமக்குப் புத்தி சொன்னவர்கள் பலர். 1970இல் தென்னாபிரிக்க வெள்ளையர் அணியின் இங்கிலாந்துச் சுற்றுப்பயணம் மக்கள் எதிர்ப்பாலேதான் கைவிடப்பட்டது என்பதை அவர்களுக்கு நாம் திருப்பிச் சொல்லலாம். புறக்கணிப்பு என்பது அரசுகளை நோக்கி வீதியில் ஏந்தப்படும் ஆயுதம். அதை நாம் குறைகூற மாட்டோம். நமது வழக்கு வேறு. அந்த ஆயுதத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து, சோபாவில் இருக்கும் பிள்ளையின் கைகளை நோக்கி நீட்டுவது பற்றியது அது.

நம்மை நாமே முதலிற் சோதித்துக்கொள்வது நேர்மை. 1996 மார்ச் 17. நமக்கு வயது பதினைந்து. வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து நான்கரை மாதங்கள். மீசாலையில் அறிந்தவர் ஒருவரின் தென்னங்காணிக்குள் கிடுகுக் கொட்டிலொன்றில் இருந்தோம். மின்சாரம் கிடையாது. பற்றரி கண்ணாற் காண முடியாத பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலி கேட்ட தலைமுறை எமது. இதைச் சொன்னால் இங்கு பிறந்த பிள்ளைகள் நாம் கதை விடுவதாக எண்ணுகிறார்கள். அன்றிரவு லாகூரில் உலகக் கிண்ண இறுதியாட்டம். அவுஸ்திரேலியா 241. நாலு கொட்டிற் பொடியன்கள் முறை வைத்துச் சுற்றினோம். கை சளைத்தால் நேர்முக வர்ணனையாளரின் குரலும் சளைத்துக் கிணற்றுக்குள் இறங்கிவிடும். வேகமாகச் சுற்றினால் மேலே ஏறி வரும். ஜாம் போத்தல் விளக்கடியில் ஓய்வுபெற்ற ஆசிரியரொருவர், பழைய கொப்பியின் பின்பக்கத்தில் ஓட்டங்களைக் குறித்துக்கொண்டிருந்தார். சதாசிவத்தின் ஆட்டத்தைக் கொழும்பிலே கண்ணாரக் கண்டவர் அவர். மகாதேவன் சதாசிவம், 1948இல் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் இறங்கி ஆடியபோது இலங்கையின் தலைவராக நின்ற தமிழர். அதற்கு முந்திய ஆண்டு சென்னைச் சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் குவித்தவர். அரவிந்த டி சில்வா ஒவ்வொரு முறை பந்தை எல்லைக்கு அனுப்பும்போதும் அவ்வாசிரியர், "சதாவின்ர கை இது" என்று முணுமுணுத்தார். யாருடைய நாடு, யாருடைய படை என்பதெல்லாம் அந்த முணுமுணுப்பில் இருக்கவில்லை.

அரவிந்த ஆட்டமிழக்காமல் 107. ரணதுங்க மூன்றாம் ஆள் பக்கமாகப் பந்தைத் தட்டிவிட்டு வெற்றி ஓட்டங்களைப் பெற்றார். நாம் கத்தினோம், ஆம், தொண்டை கிழியக் கத்தினோம். பக்கத்துக் கொட்டிலிலிருந்து ஓர் அம்மா வெளியே வந்தார். இடப்பெயர்வுக்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் ஷெல்லடியில் மகனைப் பறிகொடுத்தவர். "ஆர் தம்பி வெண்டது?" என்று கேட்டார். ஒருவரும் பேசவில்லை. சுற்றிக்கொண்டிருந்தவனின் கை நின்றுவிட்டது, வானொலியும் நின்றது. அவர் எம்மை ஏசவில்லை. சற்று நேரம் நின்றுவிட்டு உள்ளே போய்விட்டார். அடுத்த மாதம் தென்மராட்சியும் படையினர் வசமாயிற்று.

அன்று கத்தியது பிழையா? முப்பதாண்டுகளாக இக்கேள்வியை மனத்துள் வைத்திருக்கிறோம். பிழையென்று ஒரு நாளும் தோன்றியதில்லை. அந்த அம்மாவின் முன்னாற் கத்தியதற்காக வெட்கப்படாத நாளும் இருந்ததில்லை. இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்கத்தான் செய்கின்றன. ஈஸ்ற்ஹாம் இளைஞருக்கு நாம் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான். அன்று சொல்ல நாவெழவில்லை.

முரளிதரனைத் தொடாமல் இக்கதை நகராது. 1995 டிசெம்பரில் யாழ்ப்பாண நகரம் வீழ்ந்த அதே மாதத்தில், மெல்பேண் மைதானத்தில் நடுவர் டரல் ஹெயர் அவருடைய பந்துவீச்சை ஏழு தடவை முறையற்றதென அறிவித்தார். சிங்களத் தலைவர் ஒருவர் தமிழ்ப் பந்துவீச்சாளருக்காக உலகத்தோடு மல்லுக்கு நின்ற காட்சியை அவ்வாண்டுகளிலே கண்டோம். ரணதுங்கவின் அந்தப் பிடிவாதத்தை மறுப்பவர் நேர்மையற்றவர். 1998 ஓகஸ்ற்றில், மீண்டும் அதே ஓவலில், முரளி ஒரே ரெஸ்ற்றில் 16 விக்கெற்றுகளைச் சாய்த்தபோது எம்மவர் பலர் இரகசியமாகப் பெருமைப்பட்டார்கள். 2010இல் காலியில் 800ஆவது விக்கெற்றோடு விடைபெற்றார். அவர் கண்டியில் மலையகத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1977 கலவரம் தம் குடும்பத்தையும் விட்டுவைக்கவில்லை என்று அவரே கூறியிருக்கிறார். ஆயினும் போர் முடிந்த 2009 பற்றி அவர் பின்னாளில் உதிர்த்த வார்த்தைகள் எம்மிற் பலரைப் புண்படுத்தின. இருதரப்பிலும் மரணம் நின்றதையே தாம் குறிப்பிட்டதாக அவர் விளக்கமளித்தார், புண் ஆறவில்லை. அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் '800' திரைப்படத்திலிருந்து 2020இல் நடிகர் விஜய் சேதுபதி விலகினார். படம் 2023இல் வேறொரு நடிகரோடு வெளிவந்தது.

நமது அபிப்பிராயத்தை ஒளிக்க மாட்டோம். முரளியின் மணிக்கட்டு ஒரு அதிசயம். அவருடைய அரசியல் வார்த்தைகள் அப்படியன்று. பந்தை இரசித்ததற்காகச் சொல்லை ஏற்றதாகாது. சொல்லை வெறுத்ததற்காக 800 என்ற எண் 799 ஆகிவிடாது. சுழற்பந்து வீசுபவரிடம் அரசியல் ஞானம் எதிர்பார்த்த பிழையில் எமக்கும் பங்குண்டு.

அண்மைக்காலச் செய்திகளுள் எம்மவர் வாயில் அதிகம் அடிபடுவது யாழ்ப்பாணத்தின் பெயர். லங்கா பிரிமியர் லீக்கில் யாழ்ப்பாண அணி 2020, 2021, 2022, 2024 ஆகிய நான்கு ஆண்டுகளில் கிண்ணத்தை வென்றது. இலண்டனில் தேநீர்க்கடைகள் வரை அதைக் கொண்டாடினார்கள். நாம் உற்சாகமின்றி நின்றதற்குக் காரணம் உண்டு. அந்நான்கு வெற்றிகளில் ஒன்றேனும் யாழ்ப்பாண மண்ணில் நடந்த ஆட்டத்திற் பெற்றதன்று. அங்கே ஓர் ஆட்டமும் நடைபெறவில்லை. அணியில் வடபகுதிப் பிள்ளைகளை எண்ண ஒரு கை விரல்கள் வேண்டியதில்லை. யாழ். மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் மட்டும் அந்த வாசலால் நுழைந்து, 2023இல் ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைச் சட்டையும், 2024இல் ஐ.பி.எல்லில் ஹைதராபாத் சட்டையும் அணிந்தார். அதற்காக அந்த அணிக்கு நன்றி சொல்லலாம். 1904 முதல் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் ஆடிவரும் வடக்கின் பெரும்போரைப் பார்த்து வளர்ந்த எமக்கு, ஊரின் பெயரை மட்டும் கடன் வாங்கிய அணி பசியைத் தீர்ப்பதில்லை. மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு 2025 செப்ரெம்பர் முதலாம் திகதி சனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். கல் நாட்டிய செய்திகளை ஊரில் நிறையப் பார்த்தவர்கள் நாம். அங்கே முதற் பந்து வீசப்படும் நாளில் எழுதுவோம்.

பெயர் வாணிபம் பற்றிப் பேசும்போது இன்னொன்று. இங்கிலாந்தின் 'த ஹன்ட்ரட்' போட்டியின் எட்டு அணிகளும் 2025இல் பங்கு பங்காக விற்கப்பட்டன. நான்கில் இந்திய நிறுவனங்கள் நுழைந்துள்ளன. லீட்ஸ் நகரத்து அணியைச் சுமார் 100 மில்லியன் பவுணுக்கு முழுமையாக வாங்கியது யாரென்றால், எங்கள் வீடுகளில் மாமிமார் மாலை முழுதும் நாடகம் பார்க்கும் அதே சன் தொலைக்காட்சி நிறுவனம். யோர்க்‌ஷயர்க்காரர் இனிமேல் தமிழ்நாட்டு முதலாளிக்குக் கைதட்டப் போகிறார்கள். ரெபிற் இருந்திருந்தால் தமது சோதனையை எப்படித் திருத்தியிருப்பாரோ!

பிள்ளைகளுக்கோ துடுப்பாட்டமெல்லாம் தாத்தாக்களின் சங்கதி. அவர்களுடைய உலகம் உதைபந்தாட்டம். ஆர்செனலா, செல்சியா, லிவர்பூலா என்ற மும்முனைப் போர் நடக்காத தமிழ் வீடு இலண்டனில் அரிது. அவர்கள் இங்கிலாந்துக்குக் கைதட்டுகிறார்கள், ஒளிவுமறைவின்றித் தட்டுகிறார்கள். 2021 யூலை 11ஆம் திகதி வெம்பிளியில், ஐரோப்பியக் கிண்ண இறுதியில் ரஷ்போர்ட், சான்சோ, சாக்கா ஆகிய மூவரும் தண்ட உதையைத் தவறவிட்டபோது, நண்பரொருவர் வீட்டில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் விம்மி அழுதான். மறுநாட் காலை அம்மூவர் மீதும் கொட்டப்பட்ட நிறவெறி வசவுகளை வாசித்துவிட்டு அவன் கேட்டானாம்: "அப்பா, வென்றிருந்தால் அவர்கள் இங்கிலிஷ்காரர், தோற்றால் இல்லையா?" சாக்கா ஈலிங்கில் பிறந்து கிறீன்போர்ட் உயர்தரப் பள்ளியில் படித்தவர். அப்பள்ளியின் சுற்றாடலில் எம்மவர் வீடுகள் ஏராளம். சிறுவனுக்கு ரெபிற்றைத் தெரியாது. ஆனால் சோதனையின் மறுபக்கத்தை ஒரே இரவிற் கண்டுகொண்டான். நீ யாருக்குக் கைதட்டுகிறாய் என்று கேட்பவர்கள், உனக்கு யார் கைதட்டுவார்கள் என்பதைச் சொல்வதில்லை.

ஆசியப் பிள்ளைகள் தெருவெங்கும் பந்து உதைக்கும் இந்நாட்டில், தொழில்முறை வீரரில் அவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. வட வேல்ஸில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பெற்றோரின் மகன் விமல் யோகநாதன் பான்ஸ்லி கழகத்தின் முதலணிச் சட்டையை அணிந்தபோது எம்மிடையே எழுந்த ஆரவாரம் அதனாலேயே. 'இஞ்சினியரிங் படிச்சுக்கொண்டு சனிக்கிழமையிலே விளையாடு' என்று சொல்லாத ஒரு தாய் தகப்பனுக்கும் அந்த ஆரவாரத்தில் பங்கு கொடுக்க வேண்டும்.

கழகங்கள்மீது நமக்குக் கோபமும் உண்டு. 2024 நவம்பரில் மான்செஸ்ரர் யுனைரெட் கழகம், அப்பருவத்தின் எஞ்சிய உள்ளூர் ஆட்டங்களுக்கு, சிறுவர்க்கோ முதியோர்க்கோ சலுகையின்றி, ஒரு நுழைவுச்சீட்டுக்கு 66 பவுண் என்றது. புகலிடம் கோருவோருக்கு உணவும் உடையும் சேர்த்து வாரமொன்றுக்குக் கிடைப்பது 50 பவுணுக்கும் குறைவு. சட்டைகளின் மார்பிலோ சூதாட்ட நிறுவனங்களின் பெயர்கள். 2025-26 பருவத்தின் முடிவோடு அவற்றை மார்பிலிருந்து அகற்ற பிரிமியர் லீக் கழகங்கள் 2023இல் உடன்பட்டன. கைப்பகுதியைப் பற்றியும் மைதான ஓரத்து விளம்பரங்களைப் பற்றியும் அந்த உடன்பாட்டில் பேச்சில்லை. பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்து பெற்ற சம்பளத்தை, விடிந்ததும் பந்தயக் கடையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு வந்தவர்களை நாம் அறிவோம். அவர்களுடைய மனைவிமாரை அதைவிட நன்கறிவோம்.

இனி, நமக்கு நெருக்கமான செய்திக்கு வருவோம். 2022 யூலை-ஓகஸ்ற்றில் பேர்மிங்ஹாமில் பொதுநலவாய விளையாட்டுக்கள் நடந்தன. இலங்கையில் எரிபொருளுக்கும் மருந்துக்கும் சனம் வரிசையில் நின்ற காலம். இலங்கையிலிருந்து வந்த குழுவில் பத்துப் பேர் முகாமுக்குத் திரும்பாமல் மறைந்தார்கள். எம்மிடையே சிலர் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். 'அகதி' என்று எம்மை இளப்பமாகப் பார்த்தவர்களின் கொடியைத் தாங்கி வந்தவர்களே ஓடிவிட்டார்களே என்ற குரூர மகிழ்ச்சி. நமக்குச் சிரிப்பு வரவில்லை. விமான நிலையத்தில் வரிசையை விட்டு விலகி நடக்கும் அந்த முதல் இருபது அடிகள் எப்படியிருக்கும் என்பது எமக்குத் தெரியும். எந்த மொழி பேசினாலும் அந்த இருபது அடிகள் ஒரே நீளந்தான்.

அதே யூலையில் பி.பி.சி. தொலைக்காட்சியில் மோ ஃபரா பேசினார். 2012 இலண்டன் ஒலிம்பிக்கிலும் 2016 ரியோவிலும் 5000, 10000 மீற்றர் இரண்டிலும் தங்கம் வென்ற பிரித்தானியாவின் செல்லப்பிள்ளை. தமது மெய்ப்பெயர் ஹுசெய்ன் அப்டி காஹின் என்றும், ஒன்பது வயதில் வேறொரு பிள்ளையின் பெயரில் இந்நாட்டுக்குக் கடத்திக் கொண்டுவரப்பட்டதாகவும், மேற்கு இலண்டன் வீடொன்றில் வீட்டு வேலைகள் செய்விக்கப்பட்டதாகவும் கூறினார். தமது உடற்பயிற்சி ஆசிரியரிடமே முதன்முதலில் உண்மையைச் சொன்னாராம். அன்றிரவு எத்தனை தமிழ் வீடுகளில் எத்தனை பேர் மௌனமாக இருந்திருப்பார்கள்! யாருடையவோ கடவுச்சீட்டில், யாருடையவோ பெயரையும் பிறந்த திகதியையும் மனனஞ் செய்துகொண்டு விமானமேறியவர்கள் எம்மிடையே ஒருவரா, இருவரா? தம் பிள்ளைகளுக்கே இன்றுவரை அதைச் சொல்லாதவர்கள் உண்டு. ஃபரா மீது நடவடிக்கை எடுக்கப்படமாட்டாதென உள்நாட்டமைச்சு அறிவித்தது. நல்லது. நான்கு தங்கப் பதக்கங்கள் இல்லாதவர்களுக்கும் அந்த இரக்கம் நீளுமானால் மிக நல்லது.

இறுதியாக, சின்டி இங்காம்பா. கமரூனில் பிறந்து, பதினொரு வயதில் இங்கு வந்து, போல்ரன் நகரில் வளர்ந்த பெண். ஆங்கிலம் தெரியாமற் பாடசாலையில் ஒதுங்கி நின்றவர் குத்துச்சண்டையில் தம்மைக் கண்டுகொண்டார். இருபது வயதில், வழமைபோலக் கையொப்பமிடச் சென்ற இடத்தில் தடுத்துவைக்கப்பட்டு, இலண்டனில் உள்ள தடுப்பு முகாமுக்குக் கொண்டுவரப்பட்டார், மறுநாள் விடுவிக்கப்பட்டார். தாம் பெண்களை நேசிப்பவர் என்பதால் கமரூனில் தமக்கு ஆபத்துண்டு என்ற அடிப்படையில் பின்னர் அகதி அந்தஸ்துப் பெற்றார். இங்கிலாந்தின் தேசியப் பட்டங்களை வென்ற போதிலும், கடவுச்சீட்டு இல்லாதபடியால் பிரித்தானியாவுக்காக ஒலிம்பிக்கில் இறங்க முடியவில்லை. பிரித்தானிய வீரர்களோடு ஷெஃபீல்டில் பயிற்சி பெற்று, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அகதிகள் அணியின் கொடியைத் தாங்கிச் சென்றார். 75 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றார். 2016 ரியோவில் பத்துப் பேரோடு தொடங்கிய அகதிகள் அணிக்கு, பாரிஸில் 37 பேராக வளர்ந்தபோது கிடைத்த முதற் பதக்கம் அதுவே. 2025 மார்ச்சில் இலண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபத்திலே தொழில்முறைக் குத்துச்சண்டை வீராங்கனையாகத் தமது முதற் போட்டியிலும் வென்றார்.

அந்தக் காலிறுதிச் சண்டையை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். பிரெஞ்சுப் பெண்ணை, பிரெஞ்சு இரசிகர்களின் கூச்சலுக்கு நடுவே, அவர் வென்றார். கைதட்டுவதா வேண்டாமா என்று நாம் யோசிக்கவில்லை. யோசிக்காமற் கைதட்டியது 1996க்குப் பின்னர் அதுதான் முதற் தடவை என்பது பின்னர்தான் நினைவுக்கு வந்தது. இம்முறை பக்கத்துக் கொட்டில் இருக்கவில்லை.

ஈஸ்ற்ஹாம் இளைஞரிடம் சில மாதங்களின் பின்னர் இப்பெண்ணின் கதையைச் சொன்னோம். அவரும் இரு வாரத்துக்கு ஒரு தடவை கையொப்பமிடச் செல்பவர். முதல்நாளிரவு நித்திரை வராது என்பார். கதையின் நடுவில் அவர் கேட்டது பதக்கத்தைப் பற்றியன்று.

"சேர், அவவுக்குக் காட் கிடைக்க எத்தனை வருசம் எடுத்தது?"

ஒன்பதுக்கு மேல் என்றோம். விரல்களில் எண்ணிப் பார்த்தார். "எனக்கு நாலு முடிஞ்சுது" என்றார்.

அந்த நீலச் சட்டைப் படத்தை அழித்தாரா என்று நாம் கேட்கவில்லை. நல்ல வேகப்பந்து வீச்சாளர் அவர். ஊரில் பாடசாலை அணிக்கு ஆடியவர். இல்போர்ட் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடும் எம்மவர் கழகமொன்று பந்து வீச ஆள் தேடிக்கொண்டிருந்தது. அவருடைய தொலைபேசி இலக்கத்தை அவர்களிடம் கொடுத்திருக்கிறோம்.